பங்குக் கிணற்றில் ஒட்டிய கட்டளை

உடுவில் பக்கத்துச் சுகாதாரப் பரிசோதகர் நமசிவாயம் பொல்லாத நேர்மைக்காரர். கடைக்காரர் நீட்டும் வெறும் தேத்தண்ணியைக்கூடக் குடிக்கமாட்டார். அப்படிப்பட்ட மனுஷனுக்குத்தான் இந்தக் கதி வந்தது.

எண்பத்தைந்தாம் ஆண்டு. தியாகராசா முதலாளியின் சாயப் பட்டறைக் கழிவு, சிவப்பும் நீலமுமாகப் பக்கத்துச் சிறு சந்தான ஒழுங்கையில் ஓடியது. கால் வைக்க வழியில்லை. அந்த ஒழுங்கையில் குடியிருந்த சிவக்கொழுந்து, ஆறு வீட்டாரையும் கூட்டிக்கொண்டு அவரிடம் முறைப்பாட்டுக்கு வந்தாள். அந்த ஆறு வீட்டுக்கும் பங்குக் கிணறு ஒன்றுதான். குடிக்க, குளிக்க, தோட்டத்துக்கு இறைக்க, எல்லாம் அதிலேதான்.

நமசிவாயம் விடுவாரா? ஒழுங்கையில் ஒரு சொட்டு விடக்கூடாது, எட்டு நாள் தவணை என்று நோட்டீஸ் கொடுத்தார். முதலாளி சண்டைக்கு வருவார் என்று பார்த்தால், எட்டாம் நாள் ஒழுங்கை காய்ந்து கிடந்தது! பதினேழு வருஷ உத்தியோகத்தில் இப்படி ஒரு வெற்றியை அவர் கண்டதில்லை. பூரித்துப்போய், குறை தீர்ந்தது என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தார். தண்ணீர் இப்போது எங்கே போகிறது என்று மட்டும் கேட்கவில்லை. சுண்ணாம்புக் கல்லுக்கு மேலே பிறந்து வளர்ந்த மனுஷன், கேட்கவில்லையே!

நாலு மாதத்தில் பங்குக் கிணறு நீலம் பாரித்தது. நமசிவாயம் பட்டறைக்கு ஓடினார். பின்வளவில் பாவிக்காத பழைய கிணறு ஒன்று. கழிவுக் குழாய் அதற்குள் இறங்கியிருந்தது. கல்லுக்குக் கீழே பொந்து பொந்தாக ஒரு கிணற்று நீர் மறு கிணற்றுக்குப் போகும் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"என்ன வேலை முதலாளி செய்து வைச்சிருக்கிறியள்?"

"ஒழுங்கையிலை விடவேண்டாம் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? நான் விடேல்லையே!" என்றார் தியாகராசா.

நமசிவாயம் வழக்குப் போட்டார். சண்டையில் நாடு இருந்த இருப்பில் நீதிமன்றம் கூடிய நாட்களே குறைவு. கூடிய ஒரு நாளில் முதலாளிக்காக வாதாடிய அப்புக்காத்து, குறை தீர்ந்தது என்று நமசிவாயம் கையெழுத்து வைத்த அறிக்கையையே எடுத்து நீட்டினார். வழக்குத் தள்ளுபடி.

சட்டத்தில் அவருக்கு மிஞ்சியது ஒரேயொரு அதிகாரம். கெட்ட நீரைக் குடிக்கவிடாமல் மறிக்கலாம். மறிக்காவிட்டால் பிள்ளைகள் குடித்துத் தொலைக்குமே. மறுநாள் பங்குக் கிணற்றின் கட்டுச் சுவரில் தடை அறிவித்தலைத் தன் கையாலேயே ஒட்டினார்.

சிவக்கொழுந்து வெறுங்குடத்தோடு நின்று பார்த்தாள்.

"ஐயா, பட்டறையைப் பூட்டுவியள் எண்டெல்லோ உங்களிட்டை வந்தனாங்கள். எங்கடை கிணத்தைப் பூட்டிப்போட்டியளே!"

நமசிவாயம் அறிவித்தலின் மூலைகளை அழுத்தி ஒட்டிவிட்டு நடந்தார். அன்றிலிருந்து ஆறு வீட்டுப் பெண்களும் தண்ணீருக்கு முக்கால் மைல் நடந்தார்கள். பட்டறை ஒருநாளும் நிற்கவில்லை.