உள்ளே பார்க்காத வீடு

கரமனையில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டை விற்கப்போவதாக உரிமையாளர் சொல்லிவிட்டிருந்தார். அந்தச் சமயத்தில்தான் என் கணவர் பத்திரிகையில் ஓர் ஏல அறிவிப்பைப் பார்த்தார். கடன் கட்டாததால் வங்கி ஜப்தி செய்த வீடு. விழிஞ்ஞம் போகும் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே, சரிவில் இருந்தது. நாங்கள் இருவரும் சம்பளக்காரர்கள். எங்களால் வாங்க முடிகிற விலையில் அதுவரை ஒரு வீடும் வந்ததில்லை.

பார்க்கப் போனோம். வெளிக்கதவு பூட்டியிருந்தது. மாடிக் கொடியில் படுக்கை விரிப்புகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. கூட வந்த வங்கிக்காரர் உள்ளே போக முடியாது என்றார்.

"ஆளுண்டு சேச்சி. ஞங்ஙள் ஒழிப்பிச்சுத் தரும்."

உள்ளே ஆட்கள் இருக்கிறார்களாம், காலி செய்து கொடுப்பது வங்கியின் பொறுப்பாம். வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் சொன்னேன்.

"உள்ள மனுஷா இருக்காளே. அவாளை எறக்கிட்டு நாம போய்க் குடியேறணுமா?"

"நாமளா எறக்கறோம்? நாம எடுக்கலேன்னா வேற ஒருத்தன் எடுப்பான்," என்றார் அவர்.

ஏலத்தில் வீடு எங்களுக்கு விழுந்தது. முன்பணம் கட்டிய பிறகு பின்வாங்கினால் அது திரும்பி வராது. மீதியைக் கடன் வாங்கிக் கட்டினோம். சாவி எப்போது கிடைக்கும் என்று கேட்கப் போனபோதுதான், அந்த வீட்டில் இருப்பவர்கள் எர்ணாகுளத்துக் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் இடைக்காலத் தடை வாங்கியிருப்பது தெரிந்தது.

"கேஸ் கழியட்டே," என்றார் வங்கிக்காரர், வழக்கு முடியட்டும் என்று. முன்பு நாற்காலி இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னவர், இப்போது கணினியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

எங்களையும் வழக்கில் சேர்த்திருந்தார்கள். தான் இருந்தாலும் எங்களில் ஒருவர் வந்தால் நல்லது என்றார் எங்கள் வக்கீல். கணவருக்கு விடுப்பு இல்லை. நான் காலை ரயிலில் கிளம்பினேன்.

எதிர் இருக்கையில் என் வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். நான் போனில் தமிழ் பேசுவதைக் கேட்டுவிட்டு, அவளும் தமிழில் பேச்சுக் கொடுத்தாள். பாறசாலைப் பக்கம் பிறந்தவளாம். வர்க்கலை தாண்டியதும் இலையில் பொதிந்த இடியாப்பத்தைப் பிரித்து எனக்கும் நீட்டினாள். வாங்கிச் சாப்பிட்டேன்.

"அக்கா எங்க போறீங்க?"

"ஒரு கேஸ் விஷயமா."

"நானும் அதுக்குத்தான். எங்க வீட்டை பேங்க்காரங்க ஏலத்துல விட்டாங்க. எனக்க வீட்டுக்காரருக்கு மீன்பிடி போட்டுல எஞ்சின் பணி. அதுக்கு லோன் எடுத்தது. பின்ன அவரு ஒரு பக்கம் தளர்ந்து விழுந்துபோனாரு. இப்ப எழும்ப வய்யா, கிடப்புதான்." இன்னோர் இடியாப்பத்தை என் பக்கம் தள்ளிக்கொண்டே சொன்னாள்: "வீட்டை எடுத்தது கரமனையில உள்ள ஆளுங்களாம்."

என் கையில் பாதி இடியாப்பம் இருந்தது. சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் எப்படியும் தீர்ப்பாயத்து வராந்தாவில் பார்க்கத்தான் போகிறாள்.

"அது நாங்கதான்," என்றேன்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எழுந்து வேறு இடம் போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. போவதற்கு இடமும் இல்லை, பெட்டி நிரம்பியிருந்தது.

கொல்லம் தாண்டியதும் அவளே கேட்டாள். "நீங்க வீட்டுக்க அகத்து கண்டதுண்டா?"

"இல்லை. விடலை."

"காணாமலா வாங்கினீங்க?" அவள் குரலில் கோபம் இல்லை, என்னைப் பற்றிய கவலைதான் இருந்தது. "அடுக்களையில மழை வந்தா கூரை சோரும், சொட்டு சொட்டா விழும் கேட்டோ. வடக்கு பக்கத்து படுக்கை முறியில வெயில் அடிக்காது. கிணத்துல மட்டும் வெள்ளம் வத்தாது." சொல்லிக்கொண்டே வந்தவள் காலி இலையை மடித்து மடித்துச் சிறிதாக்கினாள். நான் அவள் கையைத் தொடப்போய், தொடாமல் விட்டேன்.

அன்று வழக்கு எடுக்கப்படவில்லை. வேறு தேதி கொடுத்தார்கள். அதற்குப் பிறகும் பல தடவை அப்படித்தான். ஒவ்வொரு முறையும் அவள் தன் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருப்பாள். வழக்கைப் பற்றிப் பேசமாட்டோம். அவள் கணவர் சாப்பிடுகிறாரா, முதுகில் படுக்கைப்புண் ஆறியதா என்று நான் கேட்பேன். எங்கள் வீட்டு உரிமையாளர் காலி செய்யும் கெடுவை நீட்டினாரா என்று அவள் கேட்பாள். வலியசாலைக் கோயிலில் நின்று வழக்கு முடியவேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொள்வேன். எப்படி முடியவேண்டும் என்று சொல்ல வாய் வராது.

போன முறை அவள் ரயிலில் இல்லை. அவள் கணவர் மெடிக்கல் காலேஜில் சேர்க்கப்பட்டிருப்பதாக அவளுடைய வக்கீல் சொன்னார். கோடை விடுமுறைக்குப் பிறகு ஒரு தேதி போட்டார்கள். எங்கள் வக்கீல் அதை எதிர்க்கவில்லை.

வெளியே வந்து கணவரைப் போனில் கூப்பிட்டேன். அவர், "இது நமக்குச் சாதகமா, பாதகமா?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியலை," என்றேன்.

அவளுக்கு போன் பண்ணலாம் என்று தோன்றியது. இத்தனை நாள் ஒன்றாகப் போய்வந்தும் நம்பர் வாங்கிக்கொள்ளவில்லை. அவள் வக்கீலிடம் கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வார். கரமனை வீட்டின் உரிமையாளர் இந்த மாதமும் வாங்க நினைப்பவர்களைக் கூட்டிவந்து வீட்டைக் காட்டிவிட்டுப் போனார். அவர்கள் அறை அறையாகப் பார்க்கிறார்கள். நான் அடுக்களையில் ஒதுங்கி நின்று வழி விடுகிறேன்.