டிக்காக்ஷன் நிறத்துப் பொம்மை

எங்கள் நூம்பல் பக்கத்தில் அந்தக் காலத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் நிறத்தைப் பார்ப்பார்கள், அப்புறம் நகையைப் பார்ப்பார்கள், இரண்டும் திருப்தியாக இல்லையென்றால் கைவேலையைக் கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு சாக்கு வேண்டுமல்லவா? அதற்காகவே ஒவ்வொரு வீட்டிலும் மணி கோத்த கிளி ஒன்று சட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கும். உண்மையில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கிளி கிடையாது. ஒரே கிளிதான் நூம்பல், வேலப்பன்சாவடி, வானகரம் என்று வீடு வீடாகப் போய் வந்துகொண்டிருந்தது. இது மாப்பிள்ளை வீட்டாருக்கும் தெரியும். அவர்கள் வீட்டுப் பெண்ணைக் காட்டியபோதும் அதே கிளிதானே வந்திருக்கும்.

என் அக்கா கருப்பு. அம்மா 'மாநிறம்' என்பாள். அப்படிச் சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்கமாட்டாள். அக்காவைப் பார்க்க வந்தவர்களெல்லாம் எங்கள் வீட்டுச் சொஜ்ஜியை நன்றாகச் சாப்பிட்டார்கள். போகும்போது "சொல்லி அனுப்பறோம்" என்றார்கள். அப்படிச் சொல்லி அனுப்ப ஓர் ஆள் கிடைக்காமல் அவர்கள் எல்லோருமே திண்டாடிவிட்டார்கள் போலிருக்கிறது, ஒரு சேதியும் வந்ததில்லை.

அப்பா கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். அம்பத்தூரிலிருந்து ஒரு வரன் வருகிறது. அதுவும் தட்டிப்போனால் அக்காவை வானகரத்து மாமாவுக்குக் கொடுத்துவிடுவது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. மனைவியை இழந்தவர், மூன்று பிள்ளைகள், இரண்டு எருமைகள். அவர் கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. நல்லவர் என்று சொல்லவும் யாரும் முன்வரவில்லை. அக்கா பெரியவர்கள் எதிரில் வாயைத் திறக்கவில்லை. என்னிடம் மட்டும், கிணற்றடியில் துணி அலசிக்கொண்டே, "அந்த ஊட்டுக்கு மட்டும் நான் போவ மாட்டேன்டி" என்றாள். அவள் குரலைக் கேட்டு எனக்குப் பயமாக இருந்தது.

இந்தத் தடவை கிளியை இரவல் வாங்க வேண்டாம், நானே ஒரு பொம்மை தைக்கிறேன் என்று அக்கா சொன்னாள். பூந்தமல்லிப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு வரைக்கும் போனவள் அவள். அங்கே தையல் சொல்லிக்கொடுத்த வெள்ளைக்காரத் துரைசானி, பொம்மை என்றாலே லாங்கிளாத் போல வெளுத்திருக்க வேண்டும், தலையில் மஞ்சள் நூல் இருக்க வேண்டும் என்று நினைத்திருந்தாள். பாவம், அவள் ஊரில் எல்லோரும் அப்படித்தானாம். எங்கள் ஊரில் மஞ்சள் தலை வைக்கோல் போருக்கு மட்டும்தான் உண்டு. அதை அந்த அம்மாளிடம் யார் சொல்வது?

அக்கா முதலில் செய்த காரியம், லாங்கிளாத் துணியைக் காபி டிக்காக்ஷனில் உப்புப் போட்டு ஊறவைத்தது. அன்று அப்பாவுக்கு வெந்நீர்தான் கிடைத்தது. துணி காய்ந்ததும் அதைத் தன் முழங்கைமேல் வைத்துப் பார்த்தாள். போதவில்லை. மறுபடி ஊறவைத்தாள். அப்பாவுக்கு மறுபடி வெந்நீர். மூன்றாவது முறை துணி எது, கை எது என்று தெரியாத அளவுக்கு வந்ததும் அவளுக்குத் திருப்தி.

அதை இரண்டாக மடித்து, கரிக்கட்டியால் உருவம் வரைந்து, ஓரம் தைத்து, உள்புறத்தை வெளியே திருப்பினாள். விரல்களைத் திருப்புவதுதான் கஷ்டம். ஈர்க்குச்சியை உள்ளே விட்டு மூச்சுவிடாமல் தள்ளவேண்டும், கொஞ்சம் அவசரப்பட்டாலும் துணி கிழிந்துவிடும். பிறகு இலவம் பஞ்சைச் சிறிது சிறிதாக அடைத்தாள். கறுப்புக் கம்பளி நூலில் சடை, அதில் வெள்ளைப் பாசிமணியில் மல்லிகைச் சரம். கண்ணுக்குக் கறுப்பு நூல், உதட்டுக்குச் சிவப்பு. அரக்கு நிற ரவிக்கைத் துணியில் ஒரு சின்னப் புடவை கட்டி, கொசுவத்தை ஒவ்வொன்றாகத் தைத்து நிறுத்தினாள். அதற்கு ஜரிகைக் கரை அப்பாவின் கல்யாண அங்கவஸ்திரத்திலிருந்து வந்தது. காபி போன துக்கத்தில் அவர் அதைக் கவனிக்கவில்லை.

அம்மா பார்த்தாள். "ஏண்டி, பொம்மையாவது செகப்பா இருக்கக் கூடாதா? வர்றவங்க இன்னா நெனைப்பாங்க?"

"பொண்ணு கலர்லயே கீதுன்னு நெனைப்பாங்க" என்றாள் அக்கா.

அன்றிலிருந்து அம்மா அந்தப் பொம்மையின் குறையைத் தீர்க்கக் கிளம்பினாள். அக்கா குளிக்கப் போனால் பொம்மையின் புடவையில் சம்கி முளைக்கும். அக்கா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தால் கழுத்தில் ஜிகினா அட்டிகை ஏறியிருக்கும். ஒட்டியாணம் வந்தது, கையில் வங்கி வந்தது, நெற்றிச்சுட்டி வந்தது. கடைசியில் பொம்மையால் நேராக நிற்க முடியவில்லை, முன்பக்கமாகக் கவிழ்ந்தது. பெண் பார்க்கும் நாளில் அக்காவும் ஏறக்குறைய அப்படித்தான் நடப்பாள், இரவல் நகையின் கனம் அப்படி.

அந்த நாளும் வந்தது. அம்பத்தூரிலிருந்து வில்வண்டியில் மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை பட்டணத்தில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. அக்கா அந்தத் துணியை டிக்காக்ஷனில் இன்னும் இரண்டு முறை தோய்த்திருந்தால் அவர் நிறம் வந்திருக்கும். அவர் அம்மாவும் அதே நிறம். ஆனால் ஆணுக்கும் ஆணைப் பெற்றவளுக்கும் நிறம் என்று ஒன்று கிடையாது, அது பெண்ணுக்கு மட்டும் வருகிற வியாதி. கூடத்தில் உட்கார்ந்ததும் மாப்பிள்ளை போண்டாவைப் பார்த்தார். அதற்குப் பிறகு வேறெதையும் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

அக்கா வந்து நமஸ்காரம் செய்து உட்கார்ந்தாள். அம்மா பூசிவிட்ட பவுடரில் முகம் ஒரு நிறமாகவும் கழுத்து ஒரு நிறமாகவும் இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா கொஞ்சநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, எதிர்பார்த்தபடியே கேட்டாள்: "இன்னாம்மா, கைவேல எதுனா தெரியுமா உனக்கு?"

அம்மா ஓடிப்போய் பொம்மையைக் கொண்டுவந்து அந்த அம்மாள் மடியில் வைத்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொம்மையின் முகம் வெள்ளைவெளேரென்று இருந்தது. அக்காவுக்குப் பூசி மிச்சமிருந்த பவுடரை அம்மா அதற்கும் அப்பியிருக்கிறாள்.

அந்த அம்மாள் பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தையலைப் பார்த்தாள், கொசுவத்தைப் பார்த்தாள். "வெரலு கூட தனித்தனியா தைச்சிகீதே" என்று வியந்தாள். வியந்துகொண்டே கட்டைவிரலால் பொம்மையின் கன்னத்தைத் தடவினாள். விரலில் வெள்ளை ஒட்டியது. கன்னத்தில் கருப்பு தெரிந்தது. விரலைப் பார்த்தாள், பொம்மையைப் பார்த்தாள். பிறகு அதே விரலை நீட்டிக்கொண்டு அக்காவின் பக்கம் குனிந்தாள்.

அந்த விரல் வந்து சேர்வதற்குள் அக்கா முந்தானையை எடுத்துத் தன் முகத்தைத் தானே துடைத்துக்கொண்டாள். அவசரமே இல்லாமல், நெற்றி, கன்னம், மூக்கு, தாடை என்று முழுவதும். துடைத்துவிட்டு அந்த அம்மாளை நிமிர்ந்து பார்த்தாள். அத்தனை அழகாக நான் அவளை அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. அம்மா மயங்கி விழுவதற்குத் தோதான சுவரைத் தேடிக்கொண்டிருந்தாள். அப்பா தரையைப் பார்த்தார். வானகரத்து எருமைகள் வாசலில் வந்து நிற்பது போல் எனக்குத் தோன்றியது.

"நீயே தைச்சதா?" என்று அந்த அம்மாள் கேட்டாள்.

"ஆமா."

"இல்ல, எங்க ஊரு வரைக்கும் ஒரு கிளி வந்துகினு கீது. அதான் கேட்டேன்." பொம்மையை மறுபடி கையில் எடுத்தாள். "எனக்கு மூணு பொண்ணு. ஊசில நூலு கோக்க சொன்னா கூட கண்ண கசக்குவாளுங்க. நாளைக்கு அவளுங்கள பாக்க வந்தா எத்த காட்றது? நீ எங்க ஊட்டுக்கு வந்தின்னா ஆளுக்கு ஒண்ணு தைச்சி குடுப்பியா?"

அக்கா தலையசைத்தாள்.

"கலரு போனா போவுது, கை கீது உனக்கு. ஆனா எம் பொண்ணுங்களுக்கு செகப்பா தைக்கணும்."

"உங்க பொண்ணுங்க இன்னா கலரு?" என்றாள் அக்கா, அடக்கமாக.

மாப்பிள்ளையின் வாய்க்குப் போய்க்கொண்டிருந்த போண்டா பாதியில் நின்றது. அந்த அம்மாள் கொஞ்சம் யோசித்தாள். "அவங்க நைனா கலரு" என்றாள். அவர் காலமாகிப் பல வருஷமாகிவிட்டதால் ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை.

அன்றைக்கே தட்டு மாற்றிக்கொண்டார்கள். அப்பா அதற்குப் பிறகுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார். பொம்மைக்குப் பவுடர் பூசிய தன் சாமர்த்தியத்தால்தான் இந்தச் சம்பந்தம் கூடியது என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருவகையில் அது உண்மை என்பதால் யாராலும் மறுக்க முடியவில்லை.

சாயங்காலம் அக்கா பின்கட்டில் உட்கார்ந்து, பொம்மைமேல் அம்மா ஏற்றிய சம்கியையும் ஜிகினாவையும் ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, அவங்க மருமவளையா தேடினு வந்தாங்க? தையக்காரிய புடிச்சினு போறாங்க. உனக்குப் புரியுதா இல்லயா?"

"புரியாம இன்னா" என்றாள். "மாமா ஊட்டுக்குப் போனா மூணு புள்ளைங்களுக்கு சோறாக்கணும். இங்க போனா மூணு பொண்ணுங்களுக்கு பொம்ம தைக்கணும். எனக்கு தையலு புடிக்கும்டி."

சொல்லும்போது அவள் முகத்தில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. தப்பித்துவிட்ட நிம்மதி மட்டும்தான் இருந்தது. தன் முகத்தைத் தானே துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவளுக்கு இவ்வளவே போதும் என்றிருந்த அந்த நிம்மதியை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.