எங்கள் வீட்டில் எழும்பாத மாடி

இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. விழுப்புரத்தில் எங்கள் தெருவிலேயே மாடி இல்லாத வீடு எங்களுடையது ஒன்றுதான். வசதி இல்லாமல் இல்லை. எதிரே இருந்த சூரியன் கோயிலுக்காக அப்பா மாடி எழுப்பவில்லை. நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கோயில் சின்னதுதான். கிழக்குப் பார்த்த வாசல், அதற்கு முன்னால் கோயிலுக்குச் சொந்தமான காலி மனை, அப்புறம் தெரு, தெருவைத் தாண்டினால் நேர் எதிரே எங்கள் வீடு. காலை வெயில் எங்கள் மொட்டை மாடிக்கு மேலாக வந்து கோயில் வாசலுக்குள் நுழையும். பங்குனியிலும் புரட்டாசியிலும் சாமியின் முகத்தில் விழுந்து பாதத்துக்கு இறங்கும். மற்ற மாதங்களில் உள்சுவரில் விழுவதோடு சரி. எப்படியானாலும் வெயில் உள்ளே வந்த பிறகுதான் குருக்கள் மணி அடிப்பார்.

அந்த மணிக்குத்தான் எங்கள் பக்கம் பொழுது விடியும். பூக்காரி கூடையைப் பிரிப்பாள். ஷேர் ஆட்டோக்காரர்கள் முதல் சவாரி ஏற்றுவார்கள். ஜங்ஷனில் இரவு டூட்டி முடித்து வருகிறவர்கள் மணி கேட்டுவிட்டுத்தான் டீக்கடையில் உட்காருவார்கள். பிறந்த பிள்ளையை முதல்முதலாக வெயிலில் காட்டுவதும் அங்கேதான். அதற்காகப் பக்கத்துக் காணை கிராமத்திலிருந்தெல்லாம் முதல் டவுன் பஸ் பிடித்து வருவார்கள். மூட்டமான நாளில் மணி அடிக்காது. "சாமி இன்னும் எந்திரிக்கல" என்று சிரித்துக்கொண்டே காத்திருப்பார்கள்.

எங்கள் வீட்டில் இதற்காகவே ஒரு வழக்கம் இருந்தது. மணி அடிக்கும்வரை மொட்டை மாடிக் கயிற்றில் துணி ஏறாது. ஒரு புடவை தொங்கினாலும் வெயில் மறைந்துவிடும். அம்மா துவைத்த துணியை வாளியில் பிழிந்து வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருப்பாள். மணி கேட்டதும் சிலுவை போட்டுக்கொண்டு எழுந்திருப்பாள். எந்தச் சாமிக்கு என்று நான் கேட்டதில்லை.

தொண்ணூற்று மூன்றில் விழுப்புரம் தனி மாவட்டமானது. ஆபீஸ் ஆட்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று தெருவே மாடி போட்டது. எங்களுக்கு வாடகை ஆசை இல்லை. அண்ணனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. இருந்த இரண்டு அறையில் புதுப்பெண்ணை எங்கே படுக்க வைப்பது? அதனால் மேலே ஓர் அறை போட முடிவு செய்து செங்கல் இறக்கினோம். அன்று சாயங்காலம் குருக்கள் வந்து செங்கல் குவியலுக்குப் பக்கத்தில் நின்றார். உங்கள் இடம், உங்கள் இஷ்டம் என்றுதான் ஆரம்பித்தார். ஆனால் மேலே அறை எழும்பினால், சூரியன் அதைத் தாண்டி வருவதற்குள் கோயில் வாசலின் உத்தரம் மறைத்துவிடும், வெயில் உள்ளே வரவே வராது என்றார். வேண்டாம் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவர் போனதும் அப்பா எங்களைப் பார்த்துச் சொன்னார். "ஊரு வெளிச்சத்த மறைச்சிட்டு நான் எந்த மாதாவுக்குப் போயி மெழுகுவத்தி ஏத்தறது?"

அம்மா திருப்பிச் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "ஊருக்கு வெளிச்சம். நம்ம புள்ளைக்கு வாடகை வூடு."

அப்படியேதான் ஆனது. அண்ணன் திண்டிவனத்தில் வாடகைக்குப் போனான். அங்கேயே வேலை தேடிக்கொண்டான், பிள்ளைகளும் அங்கேயே வளர்ந்தார்கள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வந்து, சாப்பிட்டு, படுக்க இடமில்லாமல் கடைசி பஸ்ஸில் திரும்பிப் போனார்கள். தூங்கிவிட்ட பேத்தியை அம்மா பஸ் ஸ்டாண்டு வரை தூக்கிக்கொண்டு போவாள். செங்கல் சுவரோரமாகப் பாசி பிடித்துக் கிடந்தது.

குருக்கள் காலமானார். அப்புறம் கோயிலுக்குப் புதுக் கமிட்டி வந்தது. வந்த கமிட்டி முதல் வேலையாகக் கோயிலுக்கு முன்னால் இருந்த காலி மனையில் கல்யாண மண்டபம் கட்டியது. மூன்று அடுக்கு. சாமியின் மூஞ்சிக்கு நேராக. தூண் எழும்பும்போதே நான் போய்க் கேட்டேன். கமிட்டித் தலைவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல், "காலம் மாறிடுச்சிம்மா. வெளிச்சத்துக்கு வேற ஏற்பாடு பண்ணிக்கினு இருக்கோம்" என்றார்.

ஏற்பாடு என்னவென்றால், வாசல் உத்தரத்தில் ஒரு ஃபோகஸ் லைட். டைமர் வைத்தது. லைட் எரிந்ததும் மோட்டார் மணி தானாக அடிக்கும். கார்த்திகை அடைமழையில் தெருவே தெப்பமாகக் கிடந்தபோதும் சாமி முகத்தில் மஞ்சள் வெயில் அடித்தது. படிக்கிறவன் பாட்டைக் கெடுத்தான், எழுதுகிறவன் ஏட்டைக் கெடுத்தான் என்பார்களே, சாமி வெயிலை இவர்கள் கெடுத்தார்கள். மணி அடித்தால் அப்பா ரேடியோ சத்தத்தைக் கூட்டிக்கொள்வார். அம்மா மட்டும் வழக்கத்தை விடாமல் அந்த மோட்டார் மணிக்கும் வாளியோடு காத்திருந்தாள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் முதல் பூசை முடிந்து சூரியன் கோயில் வழியாக வந்துகொண்டிருந்தேன். கைப்பிள்ளையோடு காணையிலிருந்து வந்த ஒரு பெண் வாசலில் நின்று, வெயில் விழாதா, லைட்டுதானா என்று புதுப் பூசாரியிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் கையைக் கிழக்கே நீட்டினார்.

"எதிர்ல வீடுங்க வந்துடுச்சிம்மா. வேதக்காரங்க வீடு, மாதா கோயிலுக்குப் போறவங்க. அவுங்ககிட்ட நாம இன்னா சொல்ல முடியும்?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பெண்ணிடம், "எங்கூட வாம்மா, ஒண்ணு காட்டறேன்" என்று சொல்லி மண்டபத்தைச் சுற்றிக் கூட்டிவந்து, தெருவைத் தாண்டி எங்கள் வீட்டு மாடிப்படியில் ஏற்றினேன். அம்மா வாளியை நகர்த்தி வழிவிட்டாள்.

மேலே வெயில் தாராளமாக அடித்துக்கொண்டிருந்தது. அவள் வெறும் மொட்டை மாடியைப் பார்த்தாள். மேற்கே திரும்பி மண்டபத்தின் சுவரைப் பார்த்தாள். கோயில் கோபுரத்தின் நுனிகூடத் தெரியவில்லை. பிள்ளையின் முகத்துணியை விலக்கி வெயிலில் காட்டினாள். பிள்ளை கண்ணைச் சுருக்கித் தும்மியது. பிறகு வாளியோடு பின்னாலேயே வந்து நின்ற அம்மாவிடம் கேட்டாள்.

"இவ்ளோ இடம் சும்மா கெடக்குதே, பசங்களுக்கு ஒரு ரூம்பு போட்டிருக்கலாமேம்மா?"

அம்மா வாளியைக் கீழே வைத்தாள். மணி இன்னும் அடிக்கவில்லை. அம்மா ஈரப் புடவையை எடுத்து, உதறி, கயிற்றின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை விரித்துப் போட்டாள்.