படகில் ஏழு பேர்

இதைப் படித்துவிட்டு "நல்லா ரீல் விடறா" என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள். நான் கோபப்பட மாட்டேன். நான் சாஃப்ட்வேர் டெஸ்டர். யாராவது ஒரு தப்பைச் சொன்னால், "மறுபடி வரவெச்சுக் காட்டு, அப்புறம் நம்பறேன்" என்று சொல்லியே சம்பளம் வாங்குகிறவள். இதை மறுபடி வரவைக்க நானும் முயன்று பார்த்தேன். அதே நேரம், அதே ரசம், விளக்கை அணைத்துவிட்டு அதே இடத்தில் நின்று... வரவே இல்லை. ஆனாலும் அன்றைக்கு நடந்தது நடந்ததுதான்.

என் பெயர் தாரணி. பெங்களூர் காக்ஸ் டவுனில், மமதா ஆன்ட்டி வீட்டு மாடியில் குடியிருக்கிறோம். அம்மா, அண்ணன் யுவன், நான். அண்ணனுக்கு டூர் கம்பெனியில் வேலை. கார்டில் டூர் மேனேஜர் என்று போட்டிருக்கும். உண்மையில் அவன் வேலை, நம்மூர்க்காரர்களைச் சிக்கிமுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒருவர் குறையாமல் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது. புத்த மடாலயத்தில் திருவிழா, முகமூடி நடனம், வழியில் நம் கோயில்கள், ஒருநாள் மலையேற்றம், கடைசியில் தீஸ்தா ஆற்றில் ரப்பர் படகில் ராஃப்டிங். எல்லாம் ஒரே பேக்கேஜ். கூடவே ரவிக்குமார் என்று ஒரு சமையல்காரரும் போவார். பனிமலையைப் பார்த்துக்கொண்டே சாம்பார் சாதம் சாப்பிட்டால்தான் நம்மவர்களுக்கு டூர் போன மாதிரி இருக்கும்.

அண்ணன் எதற்கும் தலை எண்ணுவான். பஸ்ஸில் ஏறினால் எண்ணுவான், இறங்கினால் எண்ணுவான். எங்களோடு சினிமாவுக்கு வந்தால்கூட, இடைவேளை முடிந்ததும் அம்மாவையும் என்னையும் விரலை நீட்டி எண்ணுவான். "ரெண்டே பேர்டா, அதுக்கு ஒரு எண்ணிக்கையா" என்று நான் ஓட்டுவேன். அவன் கண்டுகொள்ள மாட்டான்.

போன மே மாதம் புத்த பூர்ணிமா டூர். சிக்கிமில் அதைச் சாகா தாவா என்று பெரிதாகக் கொண்டாடுகிறார்கள். ஞாயிறு இரவு அவன் வீடு திரும்ப வேண்டும். அம்மா ஒரு கல்யாணத்துக்காகக் குடியாத்தம் போயிருந்தாள்.

நான் சொல்லப்போவது அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை நடந்தது.

அன்று வீட்டிலிருந்தே வேலை. சாயங்காலம் இடியோடு மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் போய்விட்டது. மெழுகுவத்தி ஏற்றிவைத்துவிட்டு அடுப்பில் ரசம் வைத்திருந்தேன். லேப்டாப் மூலையில் 6.10 என்று காட்டியது. வெளியே இரும்புப் படிக்கட்டில் யாரோ ஏறும் சத்தம்.

டங்... டங்... டங்...

கதவு திறந்துதான் இருந்தது. அண்ணன் நின்றான்.

"என்னடா அண்ணா! ஞாயித்துக்கிழமைதான வரணும்? ஒரு ஃபோன் பண்ண மாட்டியா?"

"தாரு, ஒரு ஆள் குறையுதுடி."

தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வெளியே அப்படி ஒரு மழை, அதனால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. துண்டை எடுத்து நீட்டினேன். அவன் வாங்கவில்லை. ஷூவோடு உள்ளே வந்தான். அதுதான் முதலில் உறுத்தியது. வாசலில் செருப்பைக் கழற்றாவிட்டால் என்னையே திட்டுகிறவன் அவன்.

சமையலறை வரை வந்து மேடைப் பக்கத்தில் நின்றான். அவனைச் சுற்றித் தரையில் தண்ணீர் தேங்கியது. நான் தெரியாமல் அதில் காலை வைத்துவிட்டேன். சுரீர் என்றது. பெங்களூர் மழைத்தண்ணீர் அவ்வளவு குளிராக இருக்காது. உள்ளங்கால் மரத்துப்போனது. காலில் நைசாக மணல் ஒட்டியிருந்தது.

"யாருடா குறையுது? என்ன ஆச்சு?"

"படகு கவுந்துருச்சு."

அவன் எப்போதும் படகில் ஏற மாட்டான். கரையில் நின்று எண்ணிக்கொண்டிருப்பான். இந்த முறை ராதா மேடம் என்று ஒருவர் ரொம்பப் பயந்திருக்கிறார். "நீ வந்தா நான் ஏறறேன் தம்பி" என்றாராம். அதனால் ஏறியிருக்கிறான்.

"எல்லாரையும் கரைல பாத்தேன் தாரு. ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் போய் நின்னு எண்ணினேன். யாரும் எங்கிட்ட பேச மாட்டேங்கறாங்க. கூப்பிட்டா திரும்பக்கூட இல்ல. எம்மேல கோவமா இருக்காங்க போல."

அவன் குரல் உடைந்திருந்தது. பாவமாக இருந்தது எனக்கு. வேலை போய்விடுமோ, போலீஸ் கேஸாகிவிடுமோ, அதனால்தான் பயந்து விமானம் ஏறி ஓடிவந்துவிட்டானோ என்றுதான் என் புத்தி போனது. முதலில் ஏதாவது குடிக்கட்டும் என்று ஒரு டம்ளர் ரசம் ஊற்றி மேடையில் வைத்தேன்.

அவன் டம்ளரைத் தொடவில்லை. குனிந்தான். அதிலிருந்து வந்த ஆவியை மூக்கால் நீளமாக இழுத்தான். கண்ணை மூடிக்கொண்டான்.

"நல்லா இருக்குடி" என்றான்.

டம்ளர் நிறைய ரசம் அப்படியே இருந்தது.

அப்போது என் ஃபோன் அதிர்ந்தது. ட்ர்ர்ர்... ட்ர்ர்ர்... மேடைமேல் நகர்ந்துகொண்டே வந்தது.

திரையில் பெயர் பார்த்தேன்.

‘அண்ணா’.

"உன் ஃபோன் எங்கடா?"

"ஜீப்ல. படகுல ஏறும்போது எல்லார் ஃபோனையும் ரவிக்குமார் அண்ணன்கிட்ட குடுத்துருவோம்."

"அப்ப அவர்தான் கூப்பிடறார். எடுக்கட்டா?"

"வேணாம்." அவசரமாகச் சொன்னான். "முதல்ல எண்ணி முடிச்சிரலாம். நீயும் கூட எண்ணு."

ஃபோன் நின்றது.

விரல்களை விரித்தான். மெழுகுவத்தி வெளிச்சத்தில் நகங்கள் நீலமாகத் தெரிந்தன.

"படகுல ஏழு பேர். கோதண்டராமன் சார் ஒண்ணு. அவர் வீட்டம்மா ரெண்டு. ராதா மேடம் மூணு. அந்த ரெண்டு பொண்ணுங்க, நிருபமா, அதிதி... அஞ்சு. துடுப்பு போடற கைடு ஆறு."

நிறுத்தினான்.

மறுபடி முதலிலிருந்து எண்ணினான். ஆறு.

மறுபடியும். ஆறு.

"யாரை விட்டேன் தாரு? மூஞ்சியே ஞாபகம் வரல. அவங்க வீட்ல நான் என்னன்னு பதில் சொல்லுவேன்? ஒரு அம்மா இருப்பாங்கல்ல... தங்கச்சி இருப்பால்ல..."

அழ ஆரம்பித்துவிட்டான். எங்கள் அப்பா போனபோதுகூட அவன் என் முன்னால் அழுததில்லை. என்னால் தாங்க முடியவில்லை. அவசரமாக நானும் விரல் விட்டு எண்ணினேன். சட்டென்று பிடிபட்டது. அப்பாடா என்று ஆகிவிட்டது எனக்கு.

வாய்விட்டுச் சிரித்தேன்.

"அட லூசு அண்ணா! உன்னை யாருடா எண்ணுவா? நீயும்தான படகுல இருந்த!"

அழுகையை நிறுத்தினான்.

"என்னையா?"

ஏழாவது விரலை மெதுவாக நீட்டினான். முகம் தெளிந்தது. அவனும் சிரித்தான். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம்.

பிறகு அவன் சிரிப்பு நின்றது.

நீட்டிய விரலையே பார்த்தான்.

"அப்ப..."

"என்னடா?"

"அப்ப நான் எங்கடி இருக்கேன்?"

கரண்ட் வந்தது.

யாரும் இல்லை.

தரையில் தண்ணீர்.

வாசலிலிருந்து மேடை வரை ஷூ தடம். திரும்பிப் போன தடம் இல்லை.

ட்ர்ர்ர்... ட்ர்ர்ர்...

‘அண்ணா’.

எடுத்தேன். ரவிக்குமார் அண்ணன் அழுதுகொண்டிருந்தார். மூன்றரை மணிக்குப் படகு கவிழ்ந்ததாம். எல்லோரும் கரைக்கு வந்துவிட்டார்களாம். ராதா மேடத்தைப் பாறைமேல் தள்ளி ஏற்றிவிட்டவனைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போய்விட்டதாம். "எல்லாரும் இருக்காங்கம்மா, தம்பி மட்டும்தான்..." என்றார். நான் தரையில் அந்தத் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் காலையில் ஆற்றில் இரண்டு வளைவு தாண்டி, ஒரு மணல் திட்டில் அவனைக் கண்டெடுத்தார்கள்.

கம்பெனி முதலாளி தியோடர் சார் போய்ப் பெட்டியில் கொண்டுவந்தார். அம்மாவைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. மமதா ஆன்ட்டி மட்டும் ஒன்று சொன்னார். "வெள்ளிக்கிழமை நீ ஜோரா சிரிச்ச சத்தம் கீழ வரைக்கும் கேட்டுச்சும்மா. யுவன் வந்தாச்சுன்னு நினைச்சேன்."

"அவன் குரல் கேட்டுச்சா ஆன்ட்டி?"

"இல்லம்மா. நீ மட்டும்தான் பேசின."

நடந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம்கூட. சொன்னால், "எம்புள்ள வந்தப்ப என்னை ஏன்டி கூப்பிடல" என்று கேட்பாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ரவிக்குமார் அண்ணன் வந்திருந்தார். எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அண்ணனின் பையைக் கொடுத்தார். போகாமல் தயங்கி நின்றார்.

"ஒண்ணு சொல்லணும்மா. தப்பா எடுத்துக்காத. அன்னிக்கு ஆத்துல தேடிக்கிட்டிருக்கும்போதே, டிரைவர் பக்கத்து மடத்துலேர்ந்து ஒரு வயசான லாமாவைக் கூட்டிட்டு வந்தான். அவங்க ஊர்ல அது வழக்கமாம். திடீர்னு போனவங்களுக்குத் தாங்க செத்துட்டோம்னே தெரியாதாம். வீட்டுக்குப் போவாங்களாம், எல்லார்கிட்டயும் பேசிப் பேசிப் பாப்பாங்களாம். சாப்பாட்டை மோந்து பாத்தே பசி ஆறுவாங்களாம். அதனால லாமா உக்காந்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு, பதமா எடுத்துச் சொல்லுவாராம். நீ இறந்துட்டப்பா, பயப்படாத, கிளம்புன்னு."

பையைக் கீழே வைத்தேன்.

"சொன்னாராண்ணே?"

"இல்லம்மா. கரைல உக்காந்து ஓத ஆரம்பிச்சாரு. ஆறேகால், ஆறரை இருக்கும். பாதியில நிறுத்திட்டாரு. விரிச்சு உக்காந்திருந்த துணியை மடிச்சு எழுந்துட்டாரு. ஏன்னு டிரைவர் கேட்டான்."

"என்ன சொன்னார்?"

"நான் சொல்ல வேண்டியதில்லை, அவனுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னாரு. யாரோ ஒரு பொண்ணு முந்திக்கிட்டாளாம்."

ரவிக்குமார் அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டாளாம்."