வலிக்கிற புண்

ராயபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக இருந்தபோது, திருவொற்றியூர் ஆலை ஒன்றில் நீராவி பீறிட்டு என் தம்பியின் கை வெந்துவிட்டது. கை வெளுத்து, பதனிட்ட தோல்போல விறைத்திருந்தது. வலிக்கவில்லை என்றான் தம்பி.

"வலிக்கலன்னா இன்னாடா? போய் வேலயப் பாரு" என்று மேஸ்திரி விரட்டிவிட்டார்.

மேல்தோல் மட்டும் வெந்தால் சிவந்து எரியும். இன்னும் கொஞ்சம் ஆழமாக வெந்தால் கொப்புளம் கட்டி, வலியில் உயிர் போகும். தோல் முழுக்க வெந்துவிட்டால் நரம்பும் செத்துப்போய் வலியே தெரியாது. தம்பியின் புண் அழுகி, கையையே எடுக்க வேண்டியதாயிற்று.

மறு வருஷம் அதே மேஸ்திரி கையெல்லாம் கொப்புளத்தோடு என்னிடம் வந்து உட்கார்ந்தார். ஆழம் பார்க்க ஊசியால் குத்தினேன். அலறினார். ஒரு குத்தே போதும். நான் இன்னும் நாலைந்து இடத்தில் குத்தினேன்.

"உயிர் போவுதும்மா, வுட்டுடு!"

"வலிக்குதில்ல? அப்போ ஆறிடும். வலிக்கலன்னு சொன்னானே, என் தம்பி, அவன் கையத்தான் வெட்டிட்டாங்க. ஞாபகம் இருக்குதா?"

அவர் முகம் வெளிறிப்போயிற்று. அதன்பிறகு கட்டு மாற்ற வரும்போதெல்லாம் வேறு நர்ஸைக் கேட்டார். மற்றவர்களிடம் சொல்லிவைத்து, ஒவ்வொரு தடவையும் நானே போனேன்.