லைட்டாகத்தான் வலிக்கிறது

எண்ணெய் ஊறிப்போன கையால் எழுதுகிறேன். பேனா வழுக்குகிறது, எழுத்து வரிசையில் நிற்க மாட்டேன் என்கிறது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பிழை கண்ணில் பட்டால் பெரிய மனது பண்ணி நீங்களே திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தருவியில் டீக்கடை வைத்திருந்த அக்காவை நினைத்தால் முதலில் ஞாபகத்துக்கு வருவது, ஓடுகிற ஆட்டோவில் அவர் என் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடிதான். மறு கையில் கழுவாத டீ கிளாஸ் ஒன்று இருந்தது. அதைக் கீழே வைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. தென்காசி ஆஸ்பத்திரி வரைக்கும் அந்தக் கிளாஸும் எங்களோடு வந்தது.

சீசன் காலத்தில் அருவிக்கு எதிரே மரத்தடியில் எண்ணெய் மசாஜ் செய்கிறவன் நான். குளிக்க வருகிறவர்களை ஸ்டூலில் உட்காரவைத்து, "லைட்டாவா, ஸ்ட்ராங்காவா?" என்று கேட்போம். படிக்கிற காலத்தில் லைட் என்றால் விளக்கு என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். அந்தச் சொல் பார்க்கிற மற்ற வேலைகளை எல்லாம் இந்த அருவிக்கரையில்தான் தெரிந்துகொண்டேன். டீ லைட்டாக வேண்டும் என்றால் தூளைக் குறைக்க வேண்டும். லைட்டாகச் சாரல் அடிக்கிறது என்றால் குடை தேவையில்லை. பஸ் லைட்டாக லேட் என்றால் உட்கார்ந்து இன்னொரு டீ குடிக்கலாம். புதிதாகக் கல்யாணமான பெண் ஒருத்தி, தன் வீட்டுக்காரருக்கு லைட்டாகக் கோபம் வரும் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் சிரிப்பு எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஆள் என்ன சொன்னாலும் தோளை ஒரு தரம் அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்போம். ஸ்ட்ராங் என்று சொன்னவர் முதல் அமுக்கிலேயே துள்ளுவார். லைட்டாகப் போதும் என்று முனகியவரின் தோள் இறுகிக் கிடக்கும். வாய் சொல்வதைக் கை அப்படியே எடுத்துக்கொள்ளாது.

ஆனால் என் விஷயத்தில் நான் அப்படி இல்லை. எதையும் அழுத்திச் சொல்லக் கூச்சப்படுகிறவனுக்கு லைட்டு என்ற சொல் பெரிய ஒத்தாசை. காலையிலிருந்து சாப்பிடாவிட்டாலும் லைட்டாகப் பசி, உடம்பு கொதித்தாலும் லைட்டாகக் காய்ச்சல். உங்களுக்கு எதுதான் வெயிட்டு என்று என் மனைவி கேட்பாள். டீக்கடை அக்கா எனக்குப் பேரே வைத்துவிட்டார். நான் கடைப்பக்கம் திரும்பினாலே, அருவிச் சத்தத்துக்கு மேலே அவர் குரல் கேட்கும்: "லைட்டு வந்துட்டாரு, கரண்டு பில்லு யாரு கட்டுதா?" பெஞ்சில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். நானும் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பேன்.

அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வீட்டுக்காரர் இறந்தபின் தனியாகக் கடையை நடத்தினார். கேலி பேசுவாரே தவிர, தன் கஷ்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

அது ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. நல்ல கூட்டம். காலையிலிருந்தே இடது தோளிலிருந்து விரல் வரைக்கும் ஒரு வலி இறங்கிக்கொண்டிருந்தது. நாளெல்லாம் பிறத்தியார் தோளைப் பிடிக்கிறவனுக்குத் தன் தோள் வலிப்பதில் என்ன அதிசயம்? ஆள் குறைந்த நேரம் பார்த்து, பக்கத்து மரத்தடியில் மசாஜ் செய்கிற கூட்டாளியிடம் போய் உட்கார்ந்தேன். அவர் எண்ணெயைச் சூடாக்கி, "இறுகிப்போய்க் கிடக்குவே" என்று சொல்லி, முழங்கையை ஊன்றி அமுக்கினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எங்களுக்கு எந்த வலி வந்தாலும் எண்ணெய் போட்டுத் தேய்ப்பதுதான் தெரியும். அமுக்க அமுக்க வலி நெஞ்சுக்கு ஏறியது. நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

கிளாஸ் பொறுக்க வந்த அக்கா எங்கள் முன்னால் நின்றார். சாரல் காற்றில் ஊரே நடுங்கிக்கொண்டிருந்தது. என் பனியன் மட்டும் வேர்வையில் உடம்போடு ஒட்டியிருந்தது. என்ன செய்கிறது என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லக்கா. லைட்டா வலிக்கு."

அன்று அவர் கேலி செய்யவில்லை. முகம் வெளிறிவிட்டது. "ஏலே, கைய எடுலே" என்று கூட்டாளியைப் பிடித்துத் தள்ளினார். பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"எங்க வீட்டுக்காரரும் லைட்டா வலிக்குன்னுதான் தம்பி சொன்னாரு. நானும் ஒரு சுக்குக் காப்பியப் போட்டுக் குடுத்துட்டு யாவாரத்தப் பாத்தேன். காப்பி ஆறுததுக்குள்ள போய்ட்டாரு. எந்திரி."

பால் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. கடையைக் கூட்டாளி கையில் ஒப்படைத்துவிட்டு, என்னை ஆட்டோவில் ஏற்றினார். (அன்று டீ குடித்தவர்கள் எல்லாரும் எண்ணெய் வாசனை அடித்தது என்றார்களாம்.) சீசன் நெரிசலில் வண்டி நின்ற இடத்தில் எல்லாம் வெளியே தலையை நீட்டி, முன்னால் நின்ற வேன்காரர்களை வைது வழி வாங்கினார். எனக்கு அந்த வலியிலும் வெட்கமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், வலி எப்படி இருக்கிறது என்று கேட்டார். சின்ன வயதுக்காரர், நல்ல மாதிரி. அவரிடமும் லைட்டாகத்தான் சார் என்றேன். அக்கா நடுவில் புகுந்தார்.

"சார், இவரு சொல்லுத லைட்ட நம்பிராதீங்க. வீடு தீப்பிடிச்சி எரிஞ்சாலும் லைட்டா புகையுதும்பாரு."

டாக்டர் சிரித்தபடியே உடனே ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னார். சீட்டு வந்ததும் அவர் சிரிப்பு நின்றது. மாத்திரையும் ஊசியும் போட்டு, ஆம்புலன்ஸில் திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் எங்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று அங்கே என் மனைவியிடம் சொன்னார்களாம். அவள் அதை என்னிடம் சொல்லவே பல மாதம் ஆயிற்று.

லைட்டான சாப்பாடு, லைட்டான வேலை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். நடமாட முடிந்ததும் முதல் வேலையாக அக்கா கடைக்குப் போனேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அவர் ஒன்றும் கேட்காமல் சீனி போடாத டீயை நீட்டினார். அக்கா, லைட்டாக ஒன்று சொல்லணும் என்று ஆரம்பித்தேன்.

"சொல்லுததுன்னா முழுசாச் சொல்லு. இதையும் லைட்டா சொல்லிட்டுப் போயிராத."

நான் டீயை ஆற்றிக்கொண்டே நின்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் திரும்பி நின்று பாய்லரைத் துடைத்தார். ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். நான் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு எத்தனையோ சீசன் அதே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தேன். அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

முட்டு வலி முற்றி, போன வருஷம் அவர் கடையை விட்டுவிட்டு ஆலங்குளத்தில் மகள் வீட்டோடு போய்விட்டார். நான் இப்போதும் மரத்தடியில்தான் இருக்கிறேன். லைட் மசாஜ் மட்டும் செய்கிறேன், ஸ்ட்ராங் கேட்டு வருகிறவர்களைக் கூட்டாளியிடம் அனுப்பிவிடுகிறேன். பஸ் ஏறிப் போய் நேரில் சொல்லிவிட்டு வாருங்கள் என்கிறாள் மனைவி. போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். டீ குடித்துவிட்டுத் திரும்பி வருவேன். அதனால்தான் எழுதுகிறேன். அக்காவுக்கு அவர் மகள் வாசித்துக் காட்டட்டும்.

அக்கா, அன்றைக்கு எனக்கு ரொம்ப வலித்தது. செத்துப்போவேன் என்று பயந்தேன். உங்களால்தான் பிழைத்தேன். பிழைத்ததில் எனக்கு ரொம்ப, ரொம்ப சந்தோஷம்.

ஆடி மாதம், இரண்டாம் வெள்ளிக்கிழமை.