நான் வாங்கிக் கொடுத்த தார் ரோடு

மனுக் கொடுக்கும் தொழிலுக்கு முதலீடு ஒரு வெள்ளைச் சட்டை. தேய்மானம் முழுக்கச் செருப்புக்கு. லாபம் என்று ஒன்று உண்டென எனக்கு முன்னால் இந்தத் தொழிலில் இருந்தவர்கள் யாரும் சொல்லவில்லை. குழாயில் தண்ணீர் வரவில்லை என்றோ, பிறப்புச் சான்றில் அப்பா பெயர் மாறிவிட்டது என்றோ நகராட்சி வாசலில் ஒரு முறையாவது கால் கடுக்க நின்று, "சார் மீட்டிங்ல இருக்காரு" என்ற பதிலோடு திரும்பியவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். மற்றவர்கள் பாக்கியவான்கள். அவர்கள் வேறு ஏதாவது படிக்கலாம்.

பள்ளிக்கூடத்தில் நான் படித்தது எட்டாவது வரை. மீதிப் படிப்பெல்லாம் பஸ் நிலையத்தில் வந்தவாசி பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது கையில் திணிக்கப்பட்ட துண்டறிக்கைகளில்தான். கண்டனம், கோரிக்கை, அறைகூவல் என்ற மூன்றையும் தப்பில்லாமல் எழுத வந்த அன்றைக்கே நான் போராளி ஆகிவிட்டேன். ஊரில் பாதிப் பேர் என்னைத் "தலைவரே" என்று கூப்பிடுவார்கள். அதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று நான் பிரித்துப் பார்ப்பதில்லை.

ரோடு எதற்கு?

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் தெரு வெறும் மண் தெரு. ஒரு மழை பெய்தால் போதும், பட்டு நூல் கட்டிக்கொண்டு வருகிற சைக்கிள் சேற்றில் சரியும். நூலின் நிறம் சேற்று நிறமாகும். அது உள்ளாட்சித் தேர்தல் நடக்காத காலம். கவுன்சிலர்கள் கிடையாது. ஒற்றை அதிகாரி ஊரையே ஆண்டுகொண்டிருந்தார். பத்து நெசவாளர்களைக் கூட்டிக்கொண்டு அவரிடம் போனேன்.

"உங்க தெருவுல யார்கிட்டயாவது கார் இருக்குதா?" என்றார். இல்லை என்றேன். "லாரி வருமா?" வராது என்றேன். "அப்புறம் ரோடு எதுக்கு?" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "ஐயா, உயிரோட இருக்கறவனை விடுங்க. செத்தவனைத் தூக்கிக்கினு போகவாவது ரோடு வேணாமா? போன மாசம் சேத்துல வழுக்கி, பாடையே ஒரு பக்கம் சாஞ்சிடுச்சு" என்று மேசையைத் தட்டினேன். பின்னால் நின்றவர்கள் கைதட்டினார்கள். அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அவங்களுக்கு அவசரம் ஒண்ணும் இல்லையேப்பா."

வெற்றிக்குப் பின்

ரோடு வந்தது. எப்படி வந்தது என்று எழுதினால் அது தனிப் புத்தகம். மூன்று ஊர்வலம், ஒரு கைது, ஒரு கிழிந்த சட்டை என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். கறுப்பாக, பளபளவென்று, எங்கள் தெருவில் முதல் தார் ரோடு. நான் அதில் செருப்பில்லாமல் நடந்து பார்த்தேன்.

அதற்கப்புறம்தான் தேர்தல்கள் வரத் தொடங்கின. ஓட்டுக் கேட்க வருகிறவனுக்கெல்லாம் எங்கள் ரோடுதான் கண்ணில் பட்டது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே ஜல்லியைக் கொட்டி, அதன் மேலே தாரை ஊற்றி, தோசைமேல் தோசையாக ரோடு வளர்ந்தது. வீடுகள் வளரவில்லை. படி ஏறி நுழைந்த வீட்டுக்குள் குனிந்து இறங்கவேண்டி வந்தது.

எங்கள் வீட்டில் இருப்பது குழித்தறி. தரையில் குழி தோண்டி, குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதித்து நெய்கிற தறி. நெய்கிறவள் என் மனைவி சரோஜா. நான் ஊருக்கு உழைத்தேன். வீட்டுக்கு அந்தத் தறி உழைத்தது. தெருவிலேயே தாழ்வான வீடு எங்களுடையது என்பது ரோடு உயர்ந்த பிறகுதான் தெரிந்தது. முதல் பெருமழையிலேயே தெருத் தண்ணீர் முழுவதும் வாசல் தாண்டி வந்து குழியில் இறங்கியது. குழி நிறைந்தால் தறி நிற்கும். தறி நின்றால் அடுப்பு நிற்கும். நூல் கொடுக்கிற முதலாளி வந்து எட்டிப் பார்த்தார். ஈரத்தில் பட்டு கெட்டுவிடும், இன்னொரு தடவை குழியில் தண்ணீர் நின்றால், தறியில் ஏற்றக் கொடுத்த பாவு நூலைத் திருப்பி எடுத்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டுப் போனார். சரோஜா தண்ணீரை மொண்டு மொண்டு தெருவில் ஊற்ற, அது மறுபடி உள்ளே வந்தது. வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "நீங்க போராடி வாங்கின ரோடு நல்லா கெட்டியா மேலயே நிக்குது. அதுமேல பேஞ்ச மழைதான் நம்ம வூட்டுக்கு விருந்தாளியா வந்துகினு இருக்குது."

கவுன்சிலர் யார்?

இதற்குள் எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டு, கனகா என்ற அம்மாள் ஜெயித்திருந்தார். அவர் வீட்டுக்காரர் தாமோதரன். ஒரு காலத்தில் நான் சுவரொட்டி ஒட்டப் போகும்போது எனக்குப் பசை வாளி தூக்கியவன். இப்போது அவன் சட்டை என் சட்டையைவிட வெள்ளை. வீட்டு வாசலில் நாற்காலி போட்டு அவன்தான் மனு வாங்கிக்கொண்டிருந்தான். "வாங்க தலைவரே, குடுங்க" என்று கையை நீட்டினான். என் மனுவில் இருந்தது ஒரே கோரிக்கை: இனி ரோடு போடுவதானால் பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போடவேண்டும்.

"மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினரிடம் மட்டும்தான் கொடுப்பேன். இது கொள்கை" என்றேன். அவன் சிரித்துக்கொண்டு உள்ளே குரல் கொடுத்தான். கனகா வந்தார். நின்றபடியே மனுவை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். நான் பார்த்தவரை, எங்கள் ஊரில் ஒரு மனுவைக் கடைசி வரை படித்த முதல் மக்கள் பிரதிநிதி அவர்தான். படித்து முடித்துவிட்டு, "இதே மனுவைப் போன மாசமும் குடுத்தீங்களாண்ணே?" என்று கேட்டார். ஆமாம், தாமோதரனிடம் கொடுத்தேன் என்றேன். கனகா தன் வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்தார். "அதானே பாத்தேன். அதுமேல வெச்சிதான் அவரு ரெண்டு நாளா போண்டா துன்னுகினு இருந்தாரு."

கொசு வளர்த்த குற்றம்

அந்த வருடம் மழை நிற்காமல் பெய்தது. தறிக்குழியில் தண்ணீர் வற்றவில்லை. சரோஜா கெஞ்சியதில், முதலாளி அந்த ஒரு தடவை மட்டும் பொறுத்துக்கொண்டார். நகராட்சியிலிருந்து கடைசியில் ஆள் வந்தார். ஆனால் ரோட்டுக்காக வரவில்லை. சுகாதாரப் பிரிவிலிருந்து கொசுவுக்காக வந்தார். வெளியூர்க்காரர். இளைஞர். டார்ச் அடித்துக் குழியைப் பார்த்துவிட்டு, "வீட்டுக்குள்ள தொட்டி கட்ட யாரு அனுமதி குடுத்தாங்க?" என்றார். அது தொட்டி இல்லை, தறி என்றேன். "ஆரணிப் பட்டு தெரியும். ஆனா அதைத் தண்ணிக்குள்ளதான் நெய்வீங்கன்னு தெரியாது" என்றார் நிஜமாகவே ஆச்சரியப்பட்டு. பிறகு, கொசு உற்பத்தியாகும்படி தண்ணீர் தேக்கியதற்காக எங்களுக்கு நோட்டீஸ் கொடுத்தார்.

நான் உள்ளாட்சிச் சட்டத்தைப் பற்றி ஒரு பேச்சைத் தொடங்கினேன். இரண்டாவது நிமிடத்தில் அவர் கண்கள் சொருகின. சரோஜா என்னை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தாள். "தம்பி, கொசு எங்களுது. ஒத்துக்கறோம். தண்ணி உங்களுது. மொதல்ல உங்க தண்ணிய எடுத்துகினு போங்க, எங்க கொசுவ நாங்க பாத்துக்கறோம்."

அனுமதி

நோட்டீஸ் கிடைத்த கையோடு ஆர்ப்பாட்டம் அறிவித்தேன். காவல் நிலையத்தில் அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்த ஏட்டு எனக்குப் பழக்கமானவர். பல முறை என்னைக் கைது செய்தவர் என்ற முறையில். கடிதத்தைப் படித்தவர், "நூறு பேர் வருவாங்களா தலைவரே?" என்று கேட்டார். மக்கள் கொந்தளித்துப்போய் இருக்கிறார்கள், கூடவே வரலாம் என்றேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். "போன தடவையும் இப்டிதான் சொன்னீங்க. நாங்களும் பேஜாரா போய் வெயில்ல நின்னோம். எண்ணிப் பாத்தா உங்க ஆளுங்களவிட எங்க ஆளுங்கதான் ஜாஸ்தி. இந்தத் தடவை கோஷத்தையும் நாங்களே போட்டுடட்டுமா?"

பட்டினியும் வடையும்

ஆர்ப்பாட்டத்துக்கு மக்கள் ஏன் வரவில்லை என்பதற்கு ஆழமான சமூகக் காரணங்கள் உண்டு. அன்றைக்கு வெயில் அடித்ததும் ஒரு காரணம். வெயில் அடித்தால் நெசவாளி தறியை விட்டு எழுந்திருக்க மாட்டான்; மழை பெய்தால் வீட்டை விட்டு வெளியே வர மாட்டான். ஆகவே கூட்டம் தேவைப்படாத போராட்டத்துக்கு மாறினேன். நகராட்சி அலுவலகத்துக்கு எதிரே ஒற்றை ஆளாக உண்ணாவிரதம். பந்தல் போட்டு, பின்னால் பதாகை கட்டி, காலையில் உட்கார்ந்தேன்.

மத்தியானம் வரை அலுவலகத்திலிருந்து யாரும் எட்டிப் பார்க்கவில்லை. சேத்துப்பட்டுப் பக்கத்து விவசாயி ஒருவர் மட்டும் வந்து, ஜோசியம் பார்க்கிறேன் என்று நினைத்துக் கையை நீட்டினார். மூன்று மணிக்குப் பக்கத்து வடைக் கடைக்காரர் வந்து பணிவாகக் குனிந்தார். பேச்சுவார்த்தைக்குத் தூது வந்திருக்கிறார் என்று நினைத்து நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் காதோடு சொன்னார்: "அண்ணே, நீங்க பட்டினி கெடக்கறதப் பாத்துகினே துன்றதுக்கு ஜனங்களுக்குக் கூச்சமா இருக்குதாம். கொஞ்சம் அந்தாண்ட தள்ளிப் பட்டினி கெடங்களேன்."

மாபெரும் மறியல்

அடுத்த தேர்தல் நெருங்கியது. எங்கள் தெருவுக்கு இன்னொரு தோசை ஊற்றப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. இந்த முறை ரோடு எங்கள் ஜன்னலைத் தொட்டுவிடும். முதலாளி சொன்னது நடந்தால் சரோஜா விசைத்தறிக் கொட்டகைக்குக் கூலிக்குப் போகவேண்டியதுதான். "நம்ம தறிய விட்டுட்டு அந்த இரைச்சல்ல போய் நிக்க முடியாதுங்க" என்று ஒரே ஒரு முறை சொன்னாள். அன்றே நோட்டீஸ் அடித்தேன்: காலை ஒன்பது மணிக்கு மாபெரும் சாலை மறியல். ஒலிபெருக்கிக்குச் சொல்லி வைத்தேன்.

ஆனால் கான்ட்ராக்டரும் நோட்டீஸ் படிக்கத் தெரிந்தவர். நான் எழுந்து பல் விளக்குவதற்குள் தார் கலந்த ஜல்லி லாரியும் ரோடு ரோலரும் தெருமுனைக்கு வந்துவிட்டன. சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிப்போய்ப் பார்த்தால், தெருமுனையில் ரோலர் அசையாமல் நின்றிருந்தது. அதன் முன்னால், தெருவின் நீளத்துக்கும் பாவு. சரோஜாவும் பக்கத்து வீட்டுப் பெண்களும் விடியலிலேயே பட்டுப் பாவைத் தெருவில் நீட்டி, கவைக்கம்புகளில் தாங்கவிட்டு, கஞ்சி தடவிக்கொண்டிருந்தார்கள். முகூர்த்தப் புடவைக்கான பாவு. வெயில் ஏறுவதற்குள் முடித்தாகவேண்டும். அது போராட்டமே அல்ல, அன்றைய வேலை.

கான்ட்ராக்டர் கத்தினார்: "ஜல்தி எடுங்கம்மா! லாரியில தார் ஆறுது!" சரோஜா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கஞ்சி காயாம எடுத்தா நூலெல்லாம் ஒட்டிக்கும். நீங்க வேணா ஆறட்டும்னு வுடுங்க." கான்ட்ராக்டர் ரோலர் ஓட்டுநரைப் பார்த்து, "நீ ஏத்துய்யா, நான் பாத்துக்கறேன்" என்றார். ஓட்டுநர் சந்தவாசல் பக்கத்துக்காரர். இயந்திரத்தை அணைத்துவிட்டுக் கீழே இறங்கி, பீடி பற்றவைத்தார். "கல்யாணப் பொண்ணு கட்டற பொடவை சார். அதுமேல ஏத்தறதுக்கு நீங்களே ஏறி உக்காருங்க."

பாவு காய்ந்தது. லாரியில் தாரும் இறுகியது. நகராட்சிப் பொறியாளர் வந்தார். அவர் பின்னாலேயே கனகா வந்தார், தாமோதரன் இல்லாமல். பாவை ஓரமாகச் சுற்றி நடந்து எங்கள் வீட்டுக்குப் போனார். பொறியாளரையும் உள்ளே இறங்கச் சொன்னார். அவர் நெற்றி வாசல் நிலையின் மேற்கட்டையில் இடித்த சத்தம் தெருவுக்கே கேட்டது. நெற்றியைத் தடவிக்கொண்டு வெளியே வந்தவர், பழைய ரோட்டைச் சுரண்டாமல் கைவைக்கக்கூடாது என்று கான்ட்ராக்டரிடம் சொல்லிவிட்டுப் போனார். அந்த வாரமே சுரண்டினார்கள். புதைந்துபோயிருந்த எங்கள் வாசல்படி வெளியே வந்தது.

நான் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கவில்லை. அன்று பாவு எடுப்பதற்கு முன்பே, ஒன்பது மணிக்கு ஒலிபெருக்கி வந்து சேர்ந்ததும் கொடியைப் பிடித்துக்கொண்டு தெருவுக்கு நடுவே பாய்ந்தேன். முதல் கோஷத்துக்கு வாயைத் திறப்பதற்குள் சரோஜா அலறினாள்: "ஐயோ, குறுக்க வராதீங்க, பாவு அறுந்துடும்! அந்தாண்ட போய் நில்லுங்க!"

வெற்றிக் கூட்டத்துக்கான துண்டறிக்கையை நான்தான் எழுதினேன்; 'மக்கள் எழுச்சிக்குப் பணிந்தது நிர்வாகம்' என்று தலைப்பும் போட்டேன், அந்த மக்களில் நான் இல்லை என்பதை மட்டும் இடம் போதாமையால் சேர்க்க முடியவில்லை.